பெர்கமோவுக்குப் போன துவக்கு

நொத்தாரிஸ் கிழவர் இறந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில், கரபினியேரிப் பொலிஸார் இருவர் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து மணியை அடித்தார்கள். வீட்டில் அவரைப் பராமரித்து வந்த நகுலேஸ்வரன் மட்டும்தான் இருந்தார். இறந்தவரின் சட்டைகளை மடித்துப் பைகளில் அடுக்கிக்கொண்டிருந்தவர், கையில் ஒரு சட்டையோடே போய்க் கதவைத் திறந்தார்.

இருவரில் மூத்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். காலஞ்சென்ற நொத்தாரிஸின் பெயரில் ஒரு வேட்டைத் துவக்கு இந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது. அது இங்கே இருக்கிறதா?

"இல்லை" என்றார் நகுலேஸ்வரன்.

துவக்கு அவருக்கு நான்கு மீட்டர் பின்னால், நடைக்கூடத்து மூலையில் நின்ற இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரியின் சாவி குசினி மேசை லாச்சியில் இருந்தது. இரண்டும் அவருக்குத் தெரியும். பதினாறு வருடம் அந்த வீட்டில் தூசு தட்டியவர் அவர்.

"இங்கே இல்லையா, அல்லது உங்களுக்குத் தெரியாதா?"

"இங்கே இல்லை."

இளைய பொலிஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். பிறகு நகுலேஸ்வரனின் அடையாள அட்டையையும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியையும் வாங்கி, இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். பதிவான துவக்கு பதிவான இடத்தில் இல்லையென்றால் அது காணாமற்போன துவக்கு, பலெர்மோவில் அது சின்ன விஷயமில்லை என்று மூத்தவர் சொன்னார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நொத்தாரிஸின் மகள் நிலையத்துக்கு வரவேண்டும். அவளையும் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைச் சோதிப்போம். அதுவரை இங்கிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது. சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். கீழ்ப்படியில் அவர்களில் ஒருவர் எதற்கோ சிரித்தது மேலே கேட்டது.

நகுலேஸ்வரன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் சட்டைகளிடம் போனார். மடித்த இரண்டு சட்டைகளைத் திரும்ப விரித்து மடித்தார்.

அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்பே வாய் சொல்லி முடித்திருந்தது. அவர் வளர்ந்த ஊரில், சீருடை போட்டவர்கள் வாசலில் நின்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் ஒன்றுதான். முகாம்களில் கொடிகள் மாறின, சீருடையின் நிறங்கள் மாறின. கேள்வியும் பதிலும் மாறவில்லை. சைக்கிள் இருக்கிறதா, மண்ணெண்ணெய் இருக்கிறதா, பெடியன் வீட்டில் இருக்கிறானா? இல்லை, இல்லை, இல்லை. இது நேர்மை, நேர்மையின்மை என்ற பாகுபாட்டுக்குள் வருகிற விஷயமல்ல. தூசு விழுந்தால் கண் மூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் மூடிய கண்ணுக்கும் ஒருவர் பொறுப்பாளியா என்ற கேள்வி இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைவரை நகுலேஸ்வரன் அதைச் சுமந்து திரிந்தார்.

அந்தப் பதிலைச் சொல்லாத ஒருவரை அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் பத்மநாதன், தபாற்கந்தோரில் கிளாக்கர். நகுலேஸ்வரனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, வீட்டுக் கிணற்றை இறைத்துச் சேறு வாரியவர்கள் சாக்கில் சுற்றிய துருப்பிடித்த துவக்கு ஒன்றை வெளியே எடுத்தார்கள். திரும்பக் கிணற்றில் போடச் சொன்னார் தாய். பத்மநாதன் கேட்கவில்லை. விபரமெல்லாம் எழுதி மூன்று பிரதியில் கடிதம் தயாரித்து, துவக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போய் ஒப்படைத்தார். கூடப் போன தம்பி வாசலில் சைக்கிளோடு நின்றான். உள்ளே யாரோ அண்ணனை "இருங்கோ" என்று சொன்னது வாசலுக்குக் கேட்டது. கதிரை இழுபட்ட சத்தமும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பொழுதுபடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தம்பி தனியே வீட்டுக்கு வந்தான்.

இதை நகுலேஸ்வரன் தன் மகளுக்குச் சொன்னதில்லை. தன் பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே தாளில் வரக்கூடாது என்பது மட்டும் அவரிடம் இருந்தது. கிழவர் வருடத்துக்கு ஒருமுறை துவக்கைக் குசினி மேசையில் கழற்றி எண்ணெய் பூசுவார். அப்போது நகுலேஸ்வரன் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "நிக்கோ, அது கடிக்காது, உள்ளே வா" என்று கிழவர் சிரிப்பார். பெயர் நீளமென்று அந்த வீட்டில் அவரை நிக்கோ ஆக்கியிருந்தார்கள்.

துவக்கு பெர்கமோவில் இருக்கும் பேரனுக்கு என்று கிழவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட்டார். பேரனிடம் வேட்டை அனுமதிப்பத்திரம் இருந்தது. இறந்த ஐந்தாம் நாள், மகள் எமிலியானா மொண்டெல்லோவிலிருந்து வந்து அலுமாரிக்கு முன்னால் நின்றாள். அறுபது வயது, இடுப்பு வருத்தக்காரி, எதையும் சிரித்துக்கொண்டே ஏவுகிறவள்.

"நிக்கோ, நீ உன் ஊருக்குப் பெட்டி கட்டுவதில் பெரிய கெட்டிக்காரன் அல்லவா? இதையும் ஒரு பெட்டி கட்டிக் கூரியரில் போட்டுவிடு."

அது உண்மைதான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் பெட்டிகளை அவரிடம் கொண்டுவந்து கட்டுவிப்பவர்கள் பலெர்மோவில் நிறையப் பேர். ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் துவாய்க்குள், துவாயைச் சப்பாத்துக்குள் வைத்து, எது எங்கே இருக்கிறதென்று வெளியே தெரியாமல் கட்டுவார். பெட்டிக்கு மேலே "பழைய உடுப்பு" என்று எழுதுவார். உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதினால் பாதி வழியிலேயே யாரோ எடுத்துவிடுவார்கள்.

"சிஞ்ஞோரா, அதை மட்டும் நான் தொடமாட்டேன்."

"சரி சரி, முகத்தை அப்படி வைக்காதே. நான் துவக்குக் கடையில் கேட்கிறேன்."

கேட்டாள். சாதாரணக் கூரியரில் போட்டால் சிறைக்குப் போவீர்கள் என்று கடைக்காரர் சிரித்துவிட்டுச் சரியான வழியைச் சொன்னார். முதலில் பொலிஸ் நிலையத்தில் இறப்பையும் துவக்கையும் அறிவிக்க வேண்டும். பிறகு தானே வந்து எடுத்து, அனுமதியுள்ள வண்டியில் பெர்கமோவில் இன்னொரு கடைக்கு அனுப்புவார். எமிலியானா நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள், திங்கட்கிழமை பத்திரங்களோடு வருகிறேன் என்று. அந்தப் பக்கம் வந்த பொலிஸார், போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம் என்று ஏறினார்கள். இதை நிக்கோவிடம் சொல்லவேண்டும் என்று எமிலியானாவுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு திகதியும் இருந்தது. இத்தாலியப் பிரசாவுரிமைக்கு நகுலேஸ்வரன் கொடுத்த விண்ணப்பம் நான்கு வருடம் கழித்து ஏற்கப்பட்டிருந்தது. சத்தியப்பிரமாணம் மட்டும் மிச்சம். அது ஒக்ரோபர் பத்தொன்பது, இன்னும் பதின்மூன்று நாள். மகள் நிரோசினிக்கு நவம்பர் மூன்றாம் திகதி பதினெட்டு வயது. அதற்கு முன் தகப்பன் சத்தியம் செய்தால், கூட வாழும் பிள்ளையும் அன்றைக்கே இத்தாலியப் பிரசை. பிந்தினால் அவள் தனியாள். நான்கு வயதில் வந்து பதின்மூன்று வருடம் இந்த ஊரில் படித்தவள், தன் விண்ணப்பத்தைத் தானே தொடக்கத்திலிருந்து போடவேண்டும். பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகத்துப் பெண் அவரிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்: சத்தியம் முடியும்வரை எந்தத் தாளிலும் உங்கள் பெயர் ஏறக்கூடாது, சண்டை வேண்டாம், சாட்சி வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எமிலியானா ஓடிவந்தாள். பொலிஸார் அவளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். காரில் வரும் வழியெல்லாம் துவக்கு களவு போய்விட்டதென்றுதான் நினைத்திருந்தாள். சாவியைப் போட்டு அலுமாரியைத் திறந்தாள். துவக்கு நின்றது.

"நிக்கோ." அவள் அலுமாரியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பைத்தியக்காரா, இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்த வேலை! நான் அதைத்தானே அவர்களிடம் சொல்லியிருந்தேன்."

திட்டித் தீர்ந்த பிறகு அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கதிரையில் உட்கார்ந்து யோசித்தாள். பகேரியாவில் அப்பாவின் பழைய வீடு இருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது. நாளைக்கே துவக்கைக் காரில் அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அப்பாவே அங்கே வைத்திருந்தார், நாங்கள் மறந்துபோனோம் என்று திங்கட்கிழமை சொல்லலாம். நிக்கோ சொன்ன இல்லை அப்போது மெய்யான இல்லை ஆகிவிடும். "என் இடுப்பால் மூன்று மாடி தூக்க முடியாது. நீ கம்பளத்தில் சுற்றிக் கார்வரைக்கும் கொண்டுவந்து தா, போதும். உன் மகளை நினைத்துத்தான் சொல்கிறேன்."

அவள் சொன்னதில் கள்ளம் இருக்கவில்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. அது அவருடைய நிலையை இலேசாக்கவும் இல்லை.

"ஞாயிறு பின்னேரம் சொல்கிறேன்" என்றார்.

கிழவரின் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில்தான் நகுலேஸ்வரன் குடும்பம் இருந்தது. அன்றிரவுச் சாப்பாட்டில் அவர் நடந்ததைச் சொன்னார். மனைவி அம்பிகை கரண்டியைக் கீழே வைத்தாள். நிரோசினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, துவக்கு அலுமாரிக்குள்ள, நீங்கள் அலுமாரிக்கு முன்னால நிண்டு இல்லையெண்டு சொன்னனீங்களோ? மம்மா மியா, படத்தில கூட இப்பிடி ஒருத்தரும் செய்யமாட்டினம்."

"சிரியாதை பிள்ளை" என்றாள் தாய்.

"நான் சிரிக்கேல்லை. கள்ளன் மாதிரி ஏன் பயப்பிடுறீங்கள் எண்டு கேக்கிறன். நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இருந்தது. ஆனால் அது அந்த மேசையில் வைக்கிற அளவானதல்ல.

ஞாயிறு காலை வழக்கம்போல அம்பிகை வெறுங்காலோடு மலையேறினாள். கோயிலுக்குப் போகிற அதே கும்பிடோடுதான் அவள் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடமும் போவாள். பலெர்மோவில் வேதக்காரரும் சைவக்காரருமாக எல்லாத் தமிழரும் ஏறுகிற மலை அது. நகுலேஸ்வரன் அவளுடைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். கல்லுப் பாதையின் மூன்றாம் வளைவில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"இஞ்சேருங்கோ, சிஞ்ஞோரா சொல்லுறதைச் செய்யுங்கோ. மூண்டு மாடிதானே. கம்பளத்தில சுத்தினா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்கட அண்ணையும் இப்பிடித்தான் தெரியும் தெரியும் எண்டு போனவர்."

நகுலேஸ்வரன் இதை எதிர்பார்த்துத்தான் ஏறினார். செருப்புப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அம்பிகை, நீர் யோசிச்சுப் பாரும். இப்ப இருக்கிறது ஒரு பொய். வாயால சொன்னது. அதை மெய்யாக்க எண்டு துவக்கைத் தூக்கினா, பிறகு நான் துவக்குத் தூக்கின ஆள். இவ்வளவு வருசம் அதைத் தொடாமலிருக்கத்தானே நான் பல்கனியில நிண்டனான்."

"அப்ப போய்ச் சொல்லப்போறியளோ? சத்தியத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான். பிள்ளையின்ர விசயம்."

"சொல்லாட்டில் நாளைக்கு அவங்களே வந்து அலுமாரியைத் திறப்பாங்கள். அப்ப ஒளிச்சு வைச்சவன் எண்டு எழுதுவாங்கள்."

"சொன்னா?"

"சொன்னா என்ன எழுதுவாங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

அவள் மேலே ஏறத் தொடங்கினாள். சற்றுத் தூரம் போய்த் திரும்பாமலே சொன்னாள்: "நானும் வருவன். உள்ளுக்கை வரமாட்டன். வெளியில நிப்பன்."

அவர் எடுத்த முடிவைத் துணிவு என்று சொல்ல நான் தயங்குகிறேன். உண்மை மேலானது என்பதற்காக அவர் போகவில்லை. பொய் பேச்சாக இருக்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம். அதற்காக ஒரு பொருளை இடம் மாற்றிவிட்டால் பிறகு அதைக் காவல் காப்பது ஒரு வேலையாகிவிடும். அந்த வேலையைச் செய்ய அவருக்கு வலு இல்லை. அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் தன்னால் எவ்வளவு சுமக்க முடியும் என்று சரியாகத் தெரிந்திருப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பின்னேரம் எமிலியானாவுக்குத் தொலைபேசியில் இரண்டு வசனம் சொன்னார். துவக்கு எங்கேயும் போகவேண்டாம், நாளை எட்டு மணிக்கு நான் போய்ச் சொல்கிறேன். அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "நல்லது, நிக்கோ" என்றாள். அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் சிறிய பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். அடையாள அட்டை, பெர்மெஸ்ஸோ, பிரஷர் குளிசை, ஒரு கம்பளிச் சட்டை, பல்துலக்கும் பிரஷ். பலெர்மோவில் ஒக்ரோபரில் கம்பளிச் சட்டை தேவையில்லை. அம்பிகை பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். நிலையத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை இருந்தது. அதன் வாசலில் போய் நின்றாள்.

உள்ளே மேசையில் இருந்த நிலையப் பொறுப்பாளர் தடிமன் பிடித்த மனிதர். மூக்கைத் துடைத்துக்கொண்டே பெயரைக் கேட்டார். பிறகு கையால் கதிரையைக் காட்டினார்.

"உட்காருங்கள்."

நகுலேஸ்வரன் உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த கையால் அதை இழுக்காமல் பார்த்துக்கொண்டார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் அவருடைய மனதில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னேன். துவக்கு வீட்டில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது."

பொறுப்பாளர் கைலேஞ்சியைக் கீழே வைத்தார். "அப்படியானால் ஏன் இல்லையென்று சொன்னீர்கள்? யாராவது சொல்லச் சொன்னார்களா?"

"இல்லை."

"விற்க நினைத்தீர்களா?"

"இல்லை."

"பிறகு?"

நகுலேஸ்வரனுக்கு இத்தாலியன் நன்றாக வரும். மருந்து, சூப், மூத்திரக் குழாய், ஓய்வூதியக் கடிதம், சாவீட்டு ஒழுங்கு எல்லாவற்றுக்கும் அவரிடம் சொற்கள் இருந்தன. கிணற்றுச் சேற்றிலிருந்து வந்த சாக்குக்கும், சைக்கிளோடு நின்ற வாசலுக்கும் அந்த மொழியில் அவர் ஒரு சொல்லும் சேர்த்து வைத்திருக்கவில்லை.

"பயம்" என்றார்.

"யாருக்கு? எங்களுக்கா?"

"உங்களுக்கு இல்லை. அந்தக் கேள்விக்கு."

பொறுப்பாளர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தட்டெழுதத் தொடங்கினார். துவக்கின் தயாரிப்புப் பெயர், இலக்கம், முகவரி, நகுலேஸ்வரனின் முழுப்பெயர், பிறந்த ஊர். முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார். "நீங்களாகவே வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறேன், அச்சத்தினால் என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் இதைக் கிழித்துப் போட என்னால் முடியாது. முதலில் எழுதியதும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மேலே வழக்குத் தொடுநரிடம் போகும்."

தன் பெயரும் துவக்கின் இலக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த தாளில் நகுலேஸ்வரன் கையெழுத்து வைத்தார்.

ஒன்பது மணிக்கு எமிலியானா வந்தாள். பொலிஸார் இருவர் அவர்களோடு வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து, இலக்கத்தை இரண்டு தரம் வாசித்து, திருப்பிப் பூட்டினார்கள். எமிலியானா தன் பத்திரங்களைக் கொடுத்துத் துவக்கை முறைப்படி அறிவித்தாள். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. நகுலேஸ்வரன் கட்டடத்திலிருந்து வெளியே வந்தபோது, நிலையத்திலிருந்து அவர்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்த அம்பிகை வீதியின் மறுபக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் போன இடத்துக்குத் தம்பி போய்த் திரும்பி வந்திருந்தான். அன்றைக்கு அதற்கு மேலே அவர்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

துவக்கின் பயணம் ஒழுங்காக நடந்தது. கடைக்காரர் தன் அனுமதிப்பத்திரத்தோடு வந்து, துவக்கைக் கழற்றி, தோட்டா இல்லையென்று எல்லோருக்கும் காட்டி, பூட்டும் பெட்டியில் வைத்தார். தன் பதிவேட்டில் ஏற்றினார். எந்த நாள், எந்த வண்டி, எந்த வழி என்று கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு முன்கூட்டியே அறிவித்தார். பெட்டியின் மேல் "பழைய உடுப்பு" என்று யாரும் எழுதவில்லை. உள்ளே இருப்பதுதான் வெளியேயும் எழுதியிருந்தது. நகுலேஸ்வரன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதியும் ஒரு பெட்டி போய்ச் சேரும் என்பதை அவரால் உடனே நம்ப முடியவில்லை. அது மெசினாவில் கடலைக் கடந்தது, இத்தாலியின் நீளத்துக்கு மேலே ஏறியது, பதினொரு நாளில் பெர்கமோக் கடையில் இறங்கியது. பேரன் தன் பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்து வைத்து எடுத்துக்கொண்டான்.

சத்தியப்பிரமாணத்துக்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்பிகை சேலையை மினுக்கித் தொங்கவிட்டிருந்தாள். ஒரு குறிப்பு வந்திருக்கிறது, தெளிவாகும்வரை திகதி ஒத்திவைக்கப்படுகிறது என்று சொன்ன குரல் மென்மையானதுதான். எவ்வளவு நாள் என்று நகுலேஸ்வரன் கேட்டார். அந்தக் குரலுக்கு அது தெரியவில்லை. சேலை அன்றும் மறுநாளும் கதவில் தொங்கியது. மூன்றாம் நாள் அம்பிகை அதை மடித்து வைத்தாள்.

நவம்பர் மூன்றாம் திகதி கேக் வெட்டினார்கள். நிரோசினியின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தபோது நகுலேஸ்வரனின் போனுக்கு எமிலியானாவிடமிருந்து படம் ஒன்று வந்தது. பனிமூட்டமான ஒரு வயலில் பேரன் துவக்கோடு நிற்கிறான், சிரிக்கிறான். கீழே "எல்லாம் சட்டப்படி! நன்றி, நிக்கோ" என்று எழுதியிருந்தாள். அது என்ன நாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிரோசினி எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியளோ அப்பா, துவக்குக்கு எல்லாப் பேப்பரும் சரியா வந்திட்டுது. எனக்குத்தான் இல்லை. நீங்கள் என்னையும் அந்தப் பெட்டியில வைச்சு அனுப்பியிருக்கலாம்."

கூட்டாளிகள் விளங்காமல் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கேக்கின் முதல் துண்டைத் தகப்பனுக்குத்தான் ஊட்டினாள். அவரும் அவளுக்கு ஒரு துண்டு ஊட்டினார். அன்றிரவு அவர் அவளைக் கூப்பிட்டுப் பெரியப்பாவின் கதையைச் சொன்னார். கதை முடிந்த பிறகு அவள் ஒன்று மட்டும் கேட்டாள்: "சைக்கிள் என்ன நிறம்?" பச்சை என்றார். வேறு யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

வழக்குத் தொடுநர் ஜனவரியில் கோப்பை மூடினார், குற்றம் ஒன்றும் இல்லை என்று. பெப்ரவரியில் நகுலேஸ்வரன் தனியே சத்தியம் செய்து பிரசையானார். சொற்களைப் பிழையில்லாமல் சொன்னார். நிரோசினி வெளிநாட்டவளாகவே பின்வரிசையில் இருந்து கைதட்டினாள். தன் விண்ணப்பத்துக்கு அவள் காட்டவேண்டியது ஒன்று: இந்த நாட்டில் பத்து வருடம் இடைவிடாமல் வசித்தாள் என்ற பதிவு. அதில் ஒரு நாள் அறுந்தாலும் பத்து வருடமும் திரும்பத் தொடங்கும்.

மார்ச்சில் எமிலியானா கட்டடத்தை விற்றாள். அவர்கள் அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால், நான்காம் மாடியில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினார்கள். புதிய முகவரியைப் பதிவுசெய்தால், அங்கே உண்மையில் வசிக்கிறார்களா என்று நகரசபைப் பொலிஸ்காரர் ஒருவர் சொல்லாமல் வந்து பார்ப்பார். அது எல்லோருக்கும் நடப்பது. வருவார் என்று நகுலேஸ்வரனுக்குத் தெரியும். கதவில் மூன்று பேரின் பெயரையும் அவரே எழுதி ஒட்டியிருந்தார்.

ஏப்ரலில் ஒரு காலை, பத்து மணியளவில் மணி அடித்தது. அவர் மடித்துக்கொண்டிருந்த துணியோடே போய்க் கதவைத் திறந்தார். சீருடை போட்ட மனிதர், கையில் பலகையில் செருகிய தாள், பேனை. நாலு மாடி ஏறிய களைப்பில் வணக்கம் சொல்லாமல் நேரே தாளைப் பார்த்து வாசித்தார். பெயரை எழுத்து எழுத்தாக உச்சரிக்கக் கஷ்டப்பட்டார்.

"நி-ரோ-சி-னி. இங்கே இருக்கிறாளா?"

நிரோசினி நான்கு மீட்டர் பின்னால், உள்ளறையில், தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துவாயை உதறும் சத்தம் நகுலேஸ்வரனுக்குக் கேட்டது. அதற்குள் அவருடைய நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது. அந்தச் சொல் முழுசாக, பழைய வடிவத்தோடு, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பெடியன் வீட்டில் இருக்கிறானா? பேனை தாளில் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

"சிஞ்ஞோர்? இருக்கிறாளா, இல்லையா?"

நகுலேஸ்வரன் கதவு நிலையைப் பிடித்தார். வாயை மூடினார். திரும்பத் திறந்தார்.

"இருக்கிறாள்" என்றார். இன்னொரு தரம், உள்ளறைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "இங்கேதான் இருக்கிறாள். என் மகள்."

"அப்பா, ஆர் அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நகுலேஸ்வரன், அந்த மனிதர் என்ன எழுதுகிறார் என்று, பேனை தாளிலிருந்து எழும்பும்வரை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.